குதிரை வம்சங்களை வாசிப்பவர்கள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில் வழக்கமாக மே மாத முதல் சனிக்கிழமையன்று நடைபெறும் கென்டக்கி டெர்பி, ஒன்றேகால் மைல் தூரத்தை மூன்று வயதுக் குதிரைகள் ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் ஓடி முடித்துவிடும் பந்தயமாகும். அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றிய எழுத்தோ, பந்தயத்துக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கி, ஓடிய குதிரைகள் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் தொடர்கிறது. மற்ற விளையாட்டு இதழ்கள் ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகின்றன. குதிரைப் பந்தய இதழோ ஒரு வெற்றியை அந்தக் குதிரையின் தாய், பாட்டி, பூட்டி வரை பின்னோக்கியும், அதன் குட்டிகளும் பேரக்குட்டிகளும் ஓடும் காலம் வரை முன்னோக்கியும் கொண்டுசெல்கிறது. சிறுவயதில் இத்தகைய இதழைக் கையில் எடுத்த ஒருவர், சொந்தமாக ஒரு குதிரைகூட இல்லாமல், பந்தயத் திடலுக்கு எப்போதாவது மட்டுமே போகிறவராக இருந்தும், முதுமை வரை அதைவிட்டு நீங்காமல் இருப்பதற்கான காரணம் இந்த நீண்ட தொடர்ச்சியில்தான் இருக்கிறது. கென்டக்கியின் குதிரைப் பண்ணைகளுக்கு நடுவே அமைந்த லெக்சிங்டன் நகரிலிருந்து 1916-ஆம் ஆண்டு தொடங்கி வெளிவரும் 'தி பிளட்-ஹார்ஸ்' என்ற இதழ் இவ்வகைப் பற்றுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

இந்தப் பற்றைப் புரிந்துகொள்ள, பந்தயக் குதிரைக்கும் அச்சுக்கும் உள்ள உறவை முதலில் அறிய வேண்டும். தரோபிரெட் எனப்படும் பந்தயக் குதிரை இனம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்தில் உருவானது. இன்று உலகெங்கும் ஓடும் தரோபிரெட் குதிரைகள் யாவும் தந்தைவழியில் பயர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் ஆகிய மூன்று குதிரைகளில் ஏதேனும் ஒன்றிடம் போய்ச் சேர்கின்றன. ஜான் செனி என்பவர் 1727-இல் பந்தய முடிவுகளைத் தொகுத்து அச்சிடத் தொடங்கினார். ஜேம்ஸ் வெதர்பி 1773-இல் 'ரேசிங் காலண்டர்' என்னும் ஆண்டுத் தொகுப்பைத் தொடங்க, அவரது குடும்பத்தின் முயற்சியால் 1791-இல் 'ஜெனரல் ஸ்டட் புக்' என்னும் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்தது. ஒரு குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதன் தாயும் தந்தையும் இத்தகைய பதிவேட்டில் இடம்பெற்றிருந்தால்தான் அது தரோபிரெட் ஆகும் என்னும் விதி அதன்பின் நிலைபெற்றது. ஏட்டில் எழுதப்பட்ட பெயரே ஓர் உயிரினத்தின் தகுதியை முடிவுசெய்கிற இந்த உலகில், ஏட்டை வாசிப்பவர் வெறும் பார்வையாளராக இருந்துவிட முடியாது. அவர் அந்த விளையாட்டின் நினைவைச் சுமப்பவராகவே ஆகிவிடுகிறார்.

அமெரிக்காவில் ஜான் ஸ்டூவர்ட் ஸ்கின்னர் 1829-இல் பால்டிமோர் நகரிலிருந்து பந்தய இதழொன்றைத் தொடங்கினார். முதல் கென்டக்கி டெர்பி நடந்த அதே 1875-இல், பிற்காலத்தில் 'தரோபிரெட் ரெக்கார்ட்' எனப் பெயர் மாறிய வார இதழ் லெக்சிங்டனில் பிறந்தது. 1894-இல் பிராங்க் புரூனெல் என்னும் பத்திரிகையாளர் சிகாகோவில் தொடங்கிய 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' நாளிதழ் வேறொரு தேவையை நிறைவேற்றியது. அன்று ஓடவிருக்கும் ஒவ்வொரு குதிரையும் இதற்கு முன் எந்தத் திடலில், எத்தனை பர்லாங் தூரம், எவ்வளவு எடையுடன், எந்த ஜாக்கி ஏற, எத்தனை குதிரை நீளம் முன்னோ பின்னோ வந்தது என்பதை ஒற்றை வரியில் சுருக்கித் தருவது அதன் முறை. மைலின் எட்டில் ஒரு பங்கான பர்லாங்கும், ஒரு குதிரையின் மூக்கு முதல் வால் வரையிலான இடைவெளியைக் குறிக்கும் நீளமும் இந்த வரிகளின் அடிப்படை அளவுகள். நாளிதழ் இன்றைய பந்தயத்துக்கு உதவுகிறது. 'தி பிளட்-ஹார்ஸ்' போன்ற இதழோ தலைமுறைகளைக் கணக்கில் வைக்கிறது. இரண்டையும் வாசிப்பவர்கள் ஏராளம் என்றாலும், பழைய இதழ்களைத் தூக்கிப்போட மனமின்றி அடுக்கி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இரண்டாம் வகைக்கே வாய்த்தது.

அத்தகைய இதழ்களில் வாசகரின் கண் நெடுநேரம் தங்குவது வம்சாவளி அட்டவணையில்தான். இடப்பக்க ஓரத்தில் ஒரு குதிரையின் பெயர் நிற்க, அதிலிருந்து வலப்பக்கமாகக் கிளை பிரிந்து, மேல்பாதியில் தந்தைவழி முன்னோரும் கீழ்ப்பாதியில் தாய்வழி முன்னோரும் அமைவார்கள். நான்கு தலைமுறை அட்டவணையில் முப்பது பெயர்கள் இருக்கும். 1986-இல் கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் என்னும் குதிரையின் அட்டவணையை எடுத்துக்கொண்டால், மேல்பாதியின் முதற்பெயர் நிஜின்ஸ்கி. 1970-இல் இங்கிலாந்தின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று மும்மகுடம் பெற்ற அக்குதிரைக்குப் பின் அங்கே இன்று வரை வேறெந்தக் குதிரையும் அதைப் பெறவில்லை. நிஜின்ஸ்கிக்கு அடுத்து நிற்கும் பெயர் நார்தர்ன் டான்சர். ஒரு வயதுக் குட்டியாக 25,000 டாலர் விலை சொல்லியும் வாங்க ஆளில்லாமல் கனடாவில் நின்ற இந்தச் சிறிய குதிரை, 1964-இல் கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடங்களில் வென்றதோடு, 1980-களில் ஒரு பெண்குதிரையோடு இணைசேர்க்க 10 லட்சம் டாலர் கட்டணம் கேட்கப்படும் அளவுக்குப் புகழ்பெற்ற பொலிகுதிரையாகவும் விளங்கியது. கீழ்ப்பாதியில் தாய் பான்ஜா லூகாவும், அதன் தந்தை டபுள் ஜேயும் உள்ளன. பழகாதவருக்கு இவை வெறும் பெயர்களே. முப்பது ஆண்டுகள் இதழை வாசித்தவருக்கோ ஒவ்வொரு பெயரும் தாம் வாசித்த ஒரு பந்தயத்தின் நினைவாகவே கண்ணில் படும்.

இவ்வட்டவணையைச் சார்ந்து வளர்ந்த சில மரபுகள் வெளியாருக்கு வியப்பளிக்கக்கூடியவை. ஒரே தந்தைக்குப் பிறந்த இரு குதிரைகளைப் பந்தய உலகம் உடன்பிறப்புகளாகக் கொள்வதில்லை. பொலிகுதிரைக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் பிறக்கலாம், பெண்குதிரையோ பதினொரு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனுகிறது என்பதால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கே அந்த உறவு உரியது. அதுபோலவே, ஏலப் பட்டியலில் முதன்மைப் பந்தயங்களை வென்ற குதிரையின் பெயர் தடித்த பெரிய எழுத்துகளிலும், வெல்லாமல் இரண்டாவது அல்லது மூன்றாவதாக வந்த குதிரையின் பெயர் தடித்த சாதாரண எழுத்துகளிலும் அச்சிடப்படும். கறுப்பெழுத்து எனப்படும் இந்த அச்சு வேறுபாட்டால் மட்டுமே ஒரு பெண்குதிரையின் விலை பல மடங்கு ஏறும். ஓட்டத்தில் கிடைத்த பெருமை அச்சு மையின் அடர்த்தியாக மாறி, அது மீண்டும் பணமாக மாறுவதை இதழின் ஏலச் செய்திப் பக்கங்களில் வாசகர் வாராவாரம் கண்டுவந்தார்.

'தி பிளட்-ஹார்ஸ்' இதழை வளர்த்தவர்களுள் ஜோ எஸ்டெஸுக்குத் தனியிடம் உண்டு. கவிதையும் புள்ளிவிவரமும் ஒருசேரக் கைவந்த இந்த ஆசிரியர், பொலிகுதிரைகளை நியாயமாக ஒப்பிடுவதற்காகச் சராசரி வருவாய்க் குறியீடு என்னும் அளவுகோலை உருவாக்கினார். பரிசுத்தொகை ஆண்டுக்காண்டு மாறுவதால் வெறும் தொகையைக் கொண்டு இரு காலத்துக் குதிரைகளை ஒப்பிட முடியாது என்பதைக் கண்டு, ஒரு பொலிகுதிரையின் பிள்ளைகள் சராசரியாக ஈட்டியதை அதே ஆண்டில் ஓடிய எல்லாக் குதிரைகளின் சராசரியால் வகுத்து, பொதுச் சராசரியை 1.00 எனக் கொண்டார். 2.00 என்றால் அதன் பிள்ளைகள் பொதுச் சராசரியைப் போல் இருமடங்கு ஈட்டியுள்ளன என்று பொருள். பண்ணை உரிமையாளர்களின் புகழுரைகளுக்கு இடையே, சாதாரண வாசகரும் தாமாகவே கணித்துச் சரிபார்க்கத்தக்க ஓர் எண்ணை வைத்தது பெரிய தொண்டு. அதே அலுவலகத்தில் பணிபுரிந்த ஜோ பாமர் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர்; 1946-இல் நியூயார்க் 'ஹெரால்டு டிரிபியூன்' நாளிதழுக்குச் சென்று, 1952-இல் மறையும் வரை, பந்தயத்தைப் பற்றிய உரைநடை இலக்கியத் தரம் பெறக்கூடும் என்பதைக் காட்டினார். 1960-களிலிருந்து ஆசிரியராக இருந்த கென்ட் ஹாலிங்ஸ்வொர்த்தின் தலையங்கப் பத்தியை முதலில் படித்துவிட்டே மற்றப் பக்கங்களுக்குப் போன வாசகர்கள் பலர். 'டெய்லி ரேசிங் ஃபார்ம்' நூலகத்தில் பணியாற்றிப் பின்னர் இவ்விதழின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஹாஸ்கின், டெர்பிக்கு முந்தைய மாதங்களில் பன்னிரண்டு இளங்குதிரைகளை வரிசைப்படுத்தி எழுதிய தொடர், அடுத்த தலைமுறை வாசகர்களை இழுத்தது.

இத்தகைய வாசிப்பு ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு வில்லியம் நாக்கின் வாழ்க்கை சான்று. இல்லினாய் மாநிலத்தில் வளர்ந்து, சிறுவயதிலேயே குதிரைகளின் மீது ஈடுபாடு கொண்ட அவர், 'நியூஸ்டே' நாளிதழில் வேறு துறைச் செய்திகளை எழுதிவந்தார். 1971-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் மேசை மேல் ஏறி நின்று, 1875 முதல் கென்டக்கி டெர்பியை வென்ற குதிரைகளின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பித்ததைக் கேட்ட ஆசிரியர், பந்தயச் செய்திப் பிரிவை அவரிடமே ஒப்படைத்தார். அதனால்தான் 1973-இல் செக்ரடேரியட் என்னும் குதிரை பெல்மான்ட் பந்தயத்தை 31 நீளங்கள் முன்னதாக, 2 நிமிடம் 24 வினாடியில் வென்று, கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த அமெரிக்க மும்மகுடத்தைச் சூடியபோது, அதன் லாயத்தருகே மாதக்கணக்கில் காத்திருந்து எழுத ஓர் ஆள் இருந்தார். ஒன்றரை மைலுக்கு அந்த நேரம் இன்றும் பெல்மான்டின் சாதனையாகவே நிற்கிறது.

செக்ரடேரியட்டின் கதை பந்தயத் திடலோடு முடிந்துவிடவில்லை என்பதை நெடுநாள் வாசகர்களே நன்கு அறிவார்கள். பொலிகுதிரையாக அதன் மகன்களுள் தந்தைக்கு நிகராக ஓடியவை இல்லை என்ற ஏமாற்றம் முதலில் பரவியிருந்தபோது, அதன் மகள்கள் ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றாகப் புகழ்பெறத் தொடங்கின. வீக்கெண்ட் சர்பிரைஸ் என்னும் மகளை, 1977-இல் தோல்வியே காணாமல் மும்மகுடம் பெற்ற சியாட்டில் ஸ்லூவோடு சேர்த்ததில் பிறந்த ஏ.பி. இண்டி, 1992-இல் அதே பெல்மான்ட் பந்தயத்தை வென்றது. 1973-இல் தாத்தாவின் ஓட்டத்தையும் 1977-இல் தந்தையின் ஓட்டத்தையும் இதழில் படித்தவர், இரண்டு பெயர்களும் ஒரே அட்டவணையின் மேல்பாதியிலும் கீழ்ப்பாதியிலும் வந்து நின்ற நாளில் அடைந்த மகிழ்ச்சி, பந்தயச் சீட்டு எதுவும் கொடுத்திருக்க முடியாத ஒன்று.

பந்தயம் என்றவுடன் சூதாட்டத்தை நினைக்கும் வழக்கம் தமிழ் வாசகர்களிடம் வலுவாக இருப்பது இயல்பே. குதிரைப் பந்தயத்தில் பணம் இழந்து சீரழிந்த குடும்பங்களைக் கண்டு, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 1974-இல் பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்தையும் சென்னை ரேஸ் கிளப்பை அரசு கையகப்படுத்திய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில், உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தபோது, குதிரையின் வம்சமும் முந்தைய ஓட்டங்களும் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும் ஆராய்ந்து கணிக்கத்தக்கவை என்பதால், இது அதிர்ஷ்டத்தைவிடத் திறமையே மேலோங்கிய விளையாட்டு என்று கூறியது. நீதிமன்றம் சுட்டிய அந்த ஆராய்ச்சிக்கான பொருளை அளிப்பவை பந்தய ஏடுகளே. ஆனாலும் அறிவு இருப்பதால் இழப்பு வராது என்பதில்லை. வாழ்நாள் வாசகர்களுள் பலர் பந்தயம் கட்டாமலே வாசிப்பவர்கள் என்பதைத்தான் இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வம்சாவளியை ஆழ்ந்து வாசிப்பவருக்கு அதன் எல்லையும் தெரிந்துவிடுகிறது. ஜான் ஹென்றி என்னும் ஆண்மை நீக்கப்பட்ட குதிரை ஒரு வயதில் 1,100 டாலருக்கு விலைபோய், ஒன்பது வயதில் இரண்டாம் முறை ஆண்டின் சிறந்த குதிரையாகி, மொத்தம் 65 லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. 2006-இல் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம்போன தி கிரீன் மங்கி ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. 1999-இல் 'தி பிளட்-ஹார்ஸ்' எழுவர் குழுவைக் கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் சிறந்த நூறு அமெரிக்கக் குதிரைகளை வரிசைப்படுத்தியபோது, 21 பந்தயங்களில் ஒன்றில் மட்டுமே தோற்ற மேன் ஓ வார் முதலிடத்தையும், செக்ரடேரியட் இரண்டாமிடத்தையும், சைட்டேஷன் மூன்றாமிடத்தையும் பெற்றன. முதல் இரண்டு இடங்களை மாற்றியிருக்க வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. தாம் கண்ணால் காணாத, 1920-இல் ஓடி ஓய்ந்த குதிரைக்காக இக்காலத்தவரும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதைத் தலைமுறை தலைமுறையாக வந்த அச்செழுத்தே சாத்தியமாக்கியது.

இந்த இதழுக்கு வருவாய் பெருமளவில் பொலிகுதிரை விளம்பரங்களிலிருந்தே வந்தது. அதன் உரிமையும் 1935-இலிருந்து குதிரை வளர்ப்போர் சங்கத்திடமும், 1961 முதல் உரிமையாளர்களும் வளர்ப்போரும் இணைந்த அமைப்பிடமும் இருந்து, 2015-இல் பெரும்பகுதி ஜாக்கி கிளப் என்னும் அமைப்பின் கைக்கு மாறியது. உரிமையாளரும் விளம்பரதாரரும் துறையைச் சேர்ந்தவர்களாகவே இருக்கும் ஏடு, துறைக்குச் சங்கடம் தரும் செய்தியை வெளியிடுமா என்ற ஐயம் எழுவது நியாயமானது. அதற்கான விடையை 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது அளித்தது.

முன்பு அட்டவணையில் கண்ட ஃபெர்டினாண்ட் சாதாரணக் குதிரையன்று. 73 வயதுப் பயிற்சியாளர் சார்லி விட்டிங்காம் தயாரிக்க, 54 வயதில் பில் ஷூமேக்கர் ஏறி ஓட்டிய அது, 1986-இல் கென்டக்கி டெர்பியை வென்றதால், அப்பந்தயத்தை வென்ற மிக மூத்த ஜாக்கி என்ற பெருமையை ஷூமேக்கருக்குத் தந்தது. மறு ஆண்டு பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தில், 1987-இன் டெர்பி வெற்றியாளரான அலிஷீபாவை மூக்களவு வித்தியாசத்தில் வென்று ஆண்டின் சிறந்த குதிரையாகவும் ஆனது. பொலிகுதிரையாக அது சோபிக்காததால் 1994-இல் ஜப்பானுக்கு விற்கப்பட்டது. ஜப்பானிலிருந்து 'தி பிளட்-ஹார்ஸ்' இதழுக்கு எழுதிவந்த பார்பரா பேயர், அதன் பிற்கால வாழ்வை அறிய முற்பட்டு விசாரித்துச் சென்றபோது, பயன்படாத குதிரையாகக் கைமாறிய ஃபெர்டினாண்ட் 2002-இல் இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டிருக்கலாம் என்ற செய்தி வெளிப்பட்டது. இதே பயிற்சியாளரின் மற்றொரு டெர்பி வெற்றியாளரான சண்டே சைலன்ஸ், தாய்வழி வம்சம் மங்கலானது என அமெரிக்க வளர்ப்போர் ஒதுக்கியதால் ஜப்பானுக்குப் போய், 1995 முதல் 2007 வரை பதின்மூன்று ஆண்டுகள் அந்நாட்டின் முதன்மைப் பொலிகுதிரையாக விளங்கி, அதே 2002-இல் நாடே துக்கம் கொண்டாட மறைந்தது. ஒரே பயிற்சியாளரிடம் பயின்று ஒரே நாட்டுக்குப் போன இரண்டின் முடிவுக்கும் இடையே இருந்த தூரம் வாசகர்களை உலுக்கியது.

பேயரின் கட்டுரை வந்தபின், அமெரிக்காவில் குதிரைகளை இறைச்சிக்காகக் கொல்வதற்கு எதிரான இயக்கம் வேகம் பெற்றது. நாட்டின் எஞ்சிய குதிரை இறைச்சிக் கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. நியூயார்க்கில் குதிரை உரிமையாளர்கள் தங்கள் கட்டணத்தோடு ஓய்வுபெற்ற குதிரைகளின் பராமரிப்புக்கெனச் செலுத்தும் ஒரு விருப்பத் தொகை ஃபெர்டினாண்டின் பெயரால் அழைக்கப்படலாயிற்று. வெளிநாட்டுக்கு விற்கப்படும் புகழ்பெற்ற பொலிகுதிரைகளைப் பயன் முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தங்களில் எழுதும் வழக்கமும் பரவியது. 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் திரைப்பட விமர்சகராக இருந்த மைக்கேல் ப்ளோவன், கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய ஓல்ட் ஃபிரெண்ட்ஸ் என்னும் முதிய குதிரைகளுக்கான பண்ணை, இந்த மாற்றத்தின் கண்கூடான பலன். 1997-இல் டெர்பியையும் பிரீக்னஸையும் வென்று, ஜப்பானில் பொலிகுதிரையாக இருந்த சில்வர் சார்ம் 2014 டிசம்பரில் அங்கே திரும்பிவந்தபோது, அதைக் காண வந்தவர்களுள் பலர் அதன் வம்சத்தை ஏற்கெனவே அறிந்திருந்தனர். பெல்மான்டில் முக்கால் நீளத்தில் மும்மகுடத்தைத் தவறவிட்ட 1997 ஜூன் மாதத்தில் அவர்கள் அதைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் படித்தவர்கள்.